சிவப்பு நூல் கட்டிய ஒன்பது சாவிகள்

என் தங்கை ஜெயித்ததை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை முதலில் எழுதினால் அந்தக் கோபத்தில் இது நின்றுபோகும்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், தொண்ணூற்றொரு கதவுகளுக்குச் சரியான சாவியைக் கண்டுபிடித்தாள். பதினொரு வயதில் காய்ச்சல் கண்டு ஒரு காது போனது. ஆனாலும் எந்த மாடியில் எந்த ஜன்னல் அடித்துக்கொள்கிறது என்று கீழே நின்றே சொல்லுவாள். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு விரிசல் விட்டபோது மருத்துவர் ஆறு மாதம் படுக்கை என்றார். பத்தாவது வாரம் கோபுரத்துப் படி நாற்பத்திரண்டும் ஏறி இறங்கினாள். கட்டினவன் கைவிட்டுப் போனதும் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தவள், நான்கே வருடத்தில் அந்த வீட்டுச் சாவிகள் முழுவதற்கும் பொறுப்பாளி ஆனாள். இருபத்தொரு மழைக்காலம், அங்கே ஒரு கம்பளம்கூட நனையவில்லை.

அன்றாடம் திறக்கிற கதவுகளுக்கென்று அவள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தால் அவளுக்குக் கொத்து என்றே பெயர் ஆகிவிட்டது. சின்னவர்கள் கொத்தக்கா என்பார்கள். நான் அவளுக்கு நான்கு வயது மூத்தவள். தையல் கடையில் துணி வெட்டுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் படிக்க அனுப்ப முடியும் என்று வீட்டில் சொன்னபோது, மூத்தவள் என்று என்னை அனுப்பினார்கள். அளவு எழுதிக்கொள்ளாமல் நான் துணியில் கத்தரி வைத்ததில்லை. இதையும் அப்படியேதான், தேதி பார்த்து எழுதுகிறேன்.

அவள் வேலை பார்த்த வீட்டை எங்கள் ஊரில் கோட்டை என்பார்கள். முன்பக்கம் நின்று பார்த்தால் கோட்டைதான். நாலு மூலைக்கு நாலு கோபுரம், மேலே பல் வரிசை மாதிரி மதில், அம்பு விடுவதற்கென்று ஒடுக்கமான துவாரங்கள், வாசலில் அகழி, அகழி மேல் சங்கிலி போட்ட மரப்பாலம். கிட்டே போனால் குட்டு வெளிப்படும். சுவர் செங்கல். மேலே சுண்ணாம்பு பூசி, ஈரத்தில் கோடு கிழித்துக் கருங்கல் போலக் காட்டியிருப்பார்கள். அகழி முழங்கால் ஆழம். சங்கிலியைச் சுவரில் அறைந்திருப்பார்கள், பாலம் ஒருநாளும் மேலே போனதில்லை. அம்புத் துவாரங்களுக்குப் பின்னால் இருப்பவை குளியலறைகள். நாலு கோபுரத்தில் ஒன்றுக்குத்தான் உள்ளே படி உண்டு. மற்ற மூன்றும் வெறும் கூடு.

கட்டியவர் ஒரு மர வியாபாரி. ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. யாரோ கொடுத்த ஒரு தகர டப்பாவின் மூடியில் கோட்டைப் படம் இருந்ததாம். அதைக் கொத்தனாரிடம் நீட்டி, “இதேதான் எனக்கு வேணும்” என்றாராம். மூடியில் முன்பக்கம் மட்டும்தானே தெரியும்? அதனால் முன்பக்கம் மட்டும் கோட்டை. பின்பக்கம் சுற்றிப் போனால் ஓடு வேய்ந்த சாதாரண வீடு, துணி காயப்போடும் கொடி, கிணறு.

இதெல்லாம் என் தங்கை வாயால்தான் எனக்குத் தெரியும். அவளுக்குச் சொன்னது அந்தக் குடும்பத்தின் கடைசி மருமகள். மூன்று அறைகளில் மட்டும் விளக்கேற்றிக்கொண்டு தனியாக வாழ்ந்த பெரியம்மா. தங்கை சேர்ந்த முதல் வாரமே அவர் அந்தத் தகர டப்பாவை அவள் மடியில் கவிழ்த்தாராம். உள்ளே தொண்ணூற்றொரு சாவி.

“எது எந்தக் கதவுக்குன்னு எனக்கும் தெரியாது, எங்க மாமியாருக்கும் தெரியாது. பொறுமை இருந்தா பாரு. இல்லைன்னா ஆத்துல போடு.”

ஏழு மாதம் பிடித்தது. பின்கட்டு நடைச் சுவரில் ஒரு பலகை அடித்து, ஆணி வரிசையாக வைத்து, கதவுகள் இருக்கும் வரிசையிலேயே சாவிகளை மாட்டினாள். எழுதத் தெரியாதவள் அடையாளத்துக்கு என்ன செய்வாள்? என் கடைக்கு வந்து மிஞ்சிய நூல் கேட்டாள். சிவப்பு, மஞ்சள், பச்சை கொடுத்தேன். மிஷின் நூல், நைலான் கலந்தது, சீக்கிரம் மக்காது.

சிவப்பு நூல் கட்டிய அறை மழைக்கு ஒழுகும். ஒரு முடிச்சு என்றால் ஒரு வாளி வைக்க வேண்டும், நாலு முடிச்சு என்றால் நாலு வாளி. மஞ்சள் நூல் என்றால் ஜன்னல் கொக்கி நிற்காது, காற்றடித்தால் ஓடிப்போய் இழுத்துக் கட்ட வேண்டும். பச்சை என்றால் மரத்தளம் உளுத்திருக்கிறது, சுவர் ஓரமாக நடக்க வேண்டும். மேகம் கறுத்தால் பலகை முன்னால் நின்று ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்பது சிவப்பு, மொத்தம் பத்தொன்பது வாளி. அரை மணி நேரத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

பெரியம்மா போன பிறகு வீடு ஓர் அறக்கட்டளைக்குப் போனது. வியாபாரியின் கொள்ளுப்பேத்திதான் அதற்குத் தலைவர். வெளியூரில் இருந்தவர். தலைவரம்மா என்று சொல்வோம். வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறப்பது என்று முடிவாகி, அதற்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் எழுத ஒருவரை அமர்த்தினார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். தோள்பை, மெல்லிய குரல், யாரைக் கண்டாலும் எழுந்து நிற்கிற பணிவு.

பதினான்கு மாதம் வந்தார். வந்த முதல் நாளே என் தங்கையை அக்கா என்றார். அந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்ட முதல் படித்த மனிதர் அவர்தான். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“தம்பி எப்படிக் கேக்கறாரு தெரியுமா? நான் சொன்னதை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கறாரு. நான் சொல்றதை ஒருத்தர் எழுதறாருக்கா!” என்று என் கடையில் வந்து சொல்வாள்.

“எழுதினதை உனக்குப் படிச்சுக் காட்டறாரா?”

“நான் சொன்னதுதானே. எனக்கே எதுக்குப் படிச்சுக் காட்டணும்?”

தகர டப்பா, குளியலறைத் துவாரம், படியில்லாத கோபுரம், போர்க்காலத்தில் முன்கூடம் தானியக் கிடங்காக இருந்தது, சண்டைக்குப் பயந்து வியாபாரி வெள்ளிப் பாத்திரங்களைக் கிணற்றில் இறக்கி மறந்துபோனது, எல்லாவற்றையும் கொடுத்தாள். கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு வாரம்தான் அவள் அங்கே இல்லை. எனக்கு அம்மை போட்டிருந்தது, என்னைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள்.

வேலை முடிகிற சமயம் ஒரு காகிதத்தில் அவளிடம் கைநாட்டு வாங்கினார். அன்றைக்கு விரல் மையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தாள்.

“என்னடி அது?”

“என் பேரு புத்தகத்துல வரப்போகுது. முதல் பக்கத்துலயே போடறேன்னாரு. அதுக்கு நான் சம்மதிக்கணுமாம், அதான் கைநாட்டு.”

“காகிதத்துல என்ன எழுதியிருந்தது?”

“இதான் எழுதியிருக்கும். வேற என்ன?”

ஜாக்கெட்டுக்கு அரை அங்குலம் விட்டுப்போனால் மறுபடி அளக்கிற நான், அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று கேள் என்று சொல்லவில்லை. தம்பி, தம்பி என்று அவள் பூரித்தது என் கண்ணையும் மறைத்துவிட்டது.

2014 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, புத்தக வெளியீடு. புல்வெளியில் நாற்காலி போட்டிருந்தார்கள். தங்கைக்கு நான் புது ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். கையில் கிடைத்த புத்தகத்தை முதல் பக்கம் திறந்தேன். தலைவரம்மாவுக்கு நன்றி. அறக்கட்டளைக்கு நன்றி. புகைப்படக்காரருக்கு நன்றி.

“எங்க இருக்குக்கா? காட்டு. விரலை வச்சுக் காட்டு.”

இரு என்றேன். கடைசிப் பக்கம் பார்த்தேன். நடுவில் புரட்டினேன். அவள் சொன்ன கதை அத்தனையும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘நீண்ட ஆய்வுக்குப் பின் அறிய முடிந்தது’ என்று இருந்தது. அவள் பெயர் இல்லை. பெருக்குகிறவள் என்றுகூட இல்லை.

“அக்கா, வாய் தொறந்து சொல்லேன்.”

சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டாள். “பெரிய புத்தகமாச்சே. விட்டுப்போயிருக்கும்” என்றாள். அதற்குள் மேடையில் தலைவரம்மாவின் குரல் உயர்ந்தது. புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்தாளரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு நாலு சம்சாரமா? இது யாரு சொன்னது உங்களுக்கு?”

அந்தப் பக்கத்தை நானும் பார்த்தேன். ‘செந்நூல் அறைகள் ஒன்பதும் மனைவியர் நால்வரின் அந்தப்புரமாக விளங்கின. முடிச்சுகளின் எண்ணிக்கை அவரவர் மூப்பைக் குறிக்கும். நான்கு முடிச்சு கொண்ட அறை மூத்த மனைவிக்கு உரியது. பச்சை நூல் அறைகள் காவலருக்கும், மஞ்சள் நூல் அறைகள் விருந்தினருக்கும் ஒதுக்கப்பட்டன. நூல் கட்டும் இவ்வழக்கம் தொன்மையானது.’

எனக்கு அம்மை போட்டிருந்த அந்த ஒரு வாரத்தில் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். நூல் எதற்கு என்று பிறகும் அவளிடம் கேட்கவில்லை. புத்தகத்தில் மற்றதெல்லாம் அவள் கொடுத்தது. அவராகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர், “பரவாயில்லையே, மர வியாபாரம் நல்லாத்தான் நடந்திருக்கு” என்றார். எழுத்தாளர் முகம் வெளுத்தது. பிறகு கையை நீட்டினார், எங்கள் வரிசையைப் பார்த்து.

“அந்த வேலைக்காரம்மா சொன்னதுதாங்க. அவங்களை நம்பித்தான் எழுதினேன். எழுதியே வாங்கியிருக்கேன்.”

பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். தலைவரம்மா படித்தார், ஒலிபெருக்கி முன்னாலேயே. ‘இந்த வீட்டைப் பற்றி நான் கொடுத்த தகவல்கள் அனைத்துக்கும் நானே பொறுப்பு, பிழை இருந்தால் அது ஆசிரியரைச் சேராது.’ கீழே என் தங்கையின் பெருவிரல்.

புத்தகத்தில் இல்லாத அவள் பெயரை எழுத்தாளர் அங்கே சொன்னார், தப்புக்கு மட்டும்.

நான் எழுந்து, “அம்மா, அது என் கடை நூலும்மா! நைலான் நூல்! ஒழுகற அறைக்குக் கட்டினது!” என்று கத்தினேன். மேடைக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்தில் இருந்தவர், “தையக்காரம்மா, உக்காருங்க” என்றார். அதற்குள் தலைவரம்மா ஆள் அனுப்பிவிட்டார். என் தங்கை இடுப்பிலிருந்து கொத்தைத் தானே எடுத்துக் கொடுத்தாள். புது ஜாக்கெட்டில் சாவி தொங்கின இடம் மட்டும் சுருங்கியிருந்தது.

வீடு திரும்பும் வழி முழுக்க அவள் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள்.

“அக்கான்னு கூப்பிட்டானேக்கா.”

மறுநாள் காலை என் கடைக்கு வந்து, வெட்டுமேசை ஓரம் நின்றாள்.

“என் பேரை வெட்டிக் குடு.”

“என்னது?”

“சட்டைக்கு வெட்டற மாதிரி காகிதத்துல வெட்டிக் குடு. இனிமே என் விரலை எவனுக்கும் குடுக்க மாட்டேன்.”

பழுப்புக் காகிதத்தில் அவள் பெயரின் ஐந்து எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு எழுதி, பல்சக்கரத்தை அதன் மேல் ஓட்டித் துளை போட்டுக் கொடுத்தேன். துணித் துண்டின் மேல் அதை வைத்துச் சாக்குப் பொடி தேய்ப்பாள். கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் விழும். அதன் மேல் பென்சில் ஓட்டுவாள். இரண்டாவது எழுத்து அவளுக்குப் படியவே இல்லை. “இதென்ன, பூட்டுல மாட்டிக்கிட்ட சாவி மாதிரி வளைஞ்சு நிக்குது” என்று திட்டுவாள். நான் வாய் திறந்தால், “நீ உன் வேலையைப் பாரு” என்பாள்.

அவளுக்கு வேண்டியது சாவிகள்தான். வேறு வேலை கிடைக்காமல் இல்லை, என் கடையிலேயே பட்டன் தைக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் காற்று வீசினால் ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் காது கொடுப்பாள். சாவி கையை விட்டுப் போனதைவிட, பொய் சொன்னவள் என்று அது பறிபோனதே அவளை அரித்தது.

அக்டோபர் 9, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. கோட்டைக் காவல்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடி வந்தார்.

“கொத்தக்கா, தலைவரம்மா கூப்பிடறாங்க. மாடியெல்லாம் தண்ணி. புது ஆளுக்கு ஒண்ணும் புரியல. புத்தகத்தைப் பாத்துப் பாத்து ஓடறான்.”

“நான் வரல. அந்தப்புரத்துல வேலைக்காரிக்கு என்ன வேலை?” என்றாள். பட்டனில் இரண்டு தையல் போட்டாள். பிறகு தலை தூக்காமலே கேட்டாள். “அங்க எத்தனை நேரமா பெய்யுது?”

“முக்கால் மணி.”

“ஐயோ, மூணு முடிச்சு அறை முங்கியிருக்குமே!” என்று துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். குடையோடு நான் பின்னால் ஓடினேன்.

மாடி நடையில் தலைவரம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். கையில் சிவப்பு நூல் சாவிகள். என் தங்கை அவரிடம் எதுவும் கேட்கவில்லை, வணங்கவும் இல்லை. பூட்டியிருந்த ஒரு கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

“இது மூணு முடிச்சு. உள்ள மூணு எடம். ஜன்னல்கிட்ட ஒண்ணு, கதவுக்குப் பின்னாடி ஒண்ணு, நடு விளக்குக்குக் கீழ ஒண்ணு. தொறந்து பாருங்க.”

திறந்தார்கள். மூன்று குட்டை. அவள் சொன்ன மூன்றே இடத்தில். அடுத்த கதவு ஒரு முடிச்சு, ஒரு குட்டை. தலைவரம்மா சாவியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முடிச்சுகளை எண்ணினார். கடைசிக் கதவு நாலு முடிச்சு. வியாபாரியின் படத்தைப் புதிதாக மாட்டிவைத்த அறை அது. கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பளத்தின் மேல் கிடந்தது. என் தங்கை நாலு வாளியையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இவங்கதாம்மா உங்க மூத்த பாட்டி. மழை வந்தா நாலு வாளி கேப்பாங்க.”

காவல்காரர் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவரம்மா சிரிக்கவில்லை. நூலை நிமிண்டிப் பார்த்து, “இது பழைய நூல் இல்லையே” என்றார்.

“என் கடை நூலும்மா. அன்னிக்கே சொன்னேன், உக்காரச் சொல்லிட்டாங்க” என்றேன்.

நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்க மூன்று வாரம் ஆனது. சாவிப் பொறுப்பு அவளுக்கே என்று கடிதம் வந்தது. தலைவரம்மா அவளைக் கூப்பிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இரண்டு கேட்டாள். புத்தகத்தில் பெயர். அந்தக் கைநாட்டுக் காகிதம்.

“புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாயிடுச்சும்மா. சம்சாரம் விஷயத்துக்கு மட்டும் மேல ஒரு துண்டு ஒட்டறோம். பேரை அடுத்த பதிப்புல பாப்போம். காகிதம் ஃபைல்ல இருக்கு, அதை எடுக்க முடியாது.”

இன்றுவரை அடுத்த பதிப்பு வரவில்லை. துண்டு ஒட்டிய புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. காகிதம் ஃபைலில் இருக்கிறது.

அவள் திரும்ப வேலைக்குச் சேர்ந்த காலை அந்த எழுத்தாளரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். துண்டு ஒட்டுவதை மேற்பார்வை பார்க்க வந்தாராம். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார், வழக்கம்போல.

“அக்கா, மனசுல வச்சுக்காதீங்க. அன்னிக்கு எனக்கு வேற வழி தெரியல.”

“கொத்துன்னு கூப்பிடுங்க சார்” என்றாள் என் தங்கை. “இங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க.”

பதினான்கு மாதம் தம்பி என்ற வாயிலிருந்து அந்த சார் வந்தபோது, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

குமாஸ்தா புதிதாக ஒரு சாவிப் பதிவேட்டைப் பிரித்தார். தினமும் சாவி வாங்குகிறவர் ஒப்பம் இட வேண்டும் என்று விதி. அவளைத் தெரிந்தவர் ஆகையால் கேட்காமலே மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் அதை மூடி, திரும்ப அவர் பக்கமே நகர்த்தினாள். பேனாவைக் கேட்டு வாங்கினாள். எழுத்தாளர் பார்க்கிறார் என்று தெரிந்து கூடுதலாக நேரம் எடுத்துக்கொண்டாள். ஐந்து எழுத்து. இரண்டாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது, மற்ற நாலும் நேராக நின்றன. கோட்டுக்கு மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கதவோரம் நின்று நான் பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் குமாஸ்தா தேதி போட்டார்: திங்கட்கிழமை, 3 நவம்பர் 2014.